எட்டு விநாடி இருட்டு

தினேஷ்,

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. முப்பத்து நான்கு வருஷ லைன்மேன் வேலையில் நான் எழுதியதெல்லாம் எந்தக் கம்பம், என்ன கோளாறு, எத்தனை மணிக்குச் சரியானது என்ற மூன்று விஷயம்தான். நாலாவதாக ஒன்றை எழுத உட்கார்ந்தால் பேனா எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறது. நீ மாடியில் உட்கார்ந்து உன் கம்பெனிக்கு ப்ரோக்ராம் அடித்துக்கொண்டிருக்கிறாய். நான் கீழே, உன் அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையைப் போடுகிற முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாடியில் இருக்கிற உனக்கே கடிதம் எழுதுகிறேன். பதினெட்டுப் படி ஏறி வந்து வாயால் சொல்லிவிடலாம். இரண்டு தடவை ஏறியும் வந்தேன். நீ காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "இன்னாப்பா?" என்றாய். "ஒண்ணும் இல்ல, ஃபேன் சத்தம் போடுதான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஃபேன் சத்தமே போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றைப் பிசைந்தபடி கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. "பாண்டியில ஒரு நாடகக் குழுப்பா. ஒரு வருஷம் அவங்க கூட ஊர் ஊரா வரச் சொல்றாங்க. லைட்டு, மியூசிக் ரெண்டும் என் ப்ரோக்ராமுலதான் ஓடணுமாம். வேலைய உட்டுட்டுத்தான் போவணும். போவட்டுமா?" நான் என்ன சொன்னேன்? "உங்கம்மாவ கேளு" என்றேன். அவள், "நான் இன்னாத்த கண்டேன், உங்கப்பாவ கேளு" என்றாள். நீ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ரசம் கேட்டாய். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, சம்பாதிக்கிறவன், எங்களைக் கேட்காமலே போயிருக்கலாம். கேட்டாய். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாய். இன்று புதன். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் காரணம் தெரியவில்லை. முதலில் விழுப்புரத்தில் நடந்தது என்ன என்று எனக்கு விளங்க வேண்டும். ஒன்றரை மாதமாக மண்டையைக் குடைகிறது.

உனக்குத் தெரியாதது இல்லை, எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, எந்த இடத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கண் தேடிவிடும். உன் அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்குவாள். "பொண்ணு பாக்க வந்த மனுசன் என்னைய பாத்தாருன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க? கதவு பின்னால இருந்த மீட்டர் பொட்டியத்தான் மொதல்ல பாத்தாரு. மாப்பிள்ளைக்கு மீட்டரத்தான் புடிச்சிருக்கு போலன்னு எங்கப்பா கேட்டாரு." இருபத்தொன்பது வருஷமாக இதே கதை. சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வேலை செய்து செய்து வந்த பழக்கம் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறு, வரிசையாக வருகிறேன்.

ஆடி மாதம் நீ வந்து, "ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல எங்க ப்ரோக்ராம் பசங்க சேருற மீட்டப் இருக்குதுப்பா, நீயும் வாயேன்" என்றபோது நான் வழக்கம்போல வேலை இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆன மனுஷனுக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஒரு தடவையாவது போய் பாருங்க. பெத்தவருதான? புள்ள இன்னா பண்றான்னு ஊரு கேட்டா நான் இன்னா சொல்றது, மாடியில ஒக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு இருக்கான்னா?" ஒரு தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டையைக் கொடுத்து என்னை உன்னோடு திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் நீ எனக்கு விளக்கினாய். பாட்டை வாசிக்க மாட்டார்களாம், எழுதுவார்களாம். எழுதினால் சத்தம் வருமாம், அந்தச் சத்தத்துக்கு லைட் ஆடுமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது, "புரியுதாப்பா?" என்று கேட்டாய். "புரியுது" என்றேன். பொய்.

கோலியனூர் போகிற சாலையில் அந்தச் சின்னக் கல்யாண மண்டபம். ஆடியில் கல்யாணம் ஏது, சும்மாக் கிடந்தது. மெயின், மாடிப்படிக்குக் கீழே, சாப்பாட்டு மேசைகளை மடக்கி அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய காலத்துப் பெரிய கைப்பிடி, த்ரீ ஃபேஸ். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உள்ளே போய் உட்கார மனசு வந்தது. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பகல் மூன்று மணியை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும், எல்லாரும் உன் வயதுப் பிள்ளைகள். தாலி கட்டுகிற மேடையில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப், பின்னால் பெரிய திரை. மேசையில் உட்கார்ந்தவர்கள் அடிக்கிற எழுத்தெல்லாம் திரையில் வந்துகொண்டிருந்தது. பாட்டுக் கச்சேரியில் எல்லாரும் பாடுகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் சினேகிதி ரேவதி, திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளை, அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "அங்கிள், இந்த நம்பர மாத்துனா தாளம் ஜல்தியா போவும். அந்த வரிய எடுத்துட்டா தவில் நின்னுடும். பாட்டு ஓடிக்கினே இருக்கும், நாம உள்ள பூந்து மாத்திக்கினே இருக்கலாம்." ஓடுகிற லைனில் கை வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவள் முறை வந்ததும் மேடைக்குப் போனாள். கரும்பு மில்லுக்குப் போகிற டிராக்டர் சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தாள் போல, அதையே தாளமாக்கி ஓட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, காது கொஞ்சம் அடைத்துக்கொண்டதைத் தவிர. திடீரென்று திரையில் சிவப்பாக என்னவோ வந்தது, சத்தம் நின்றுபோனது. ஐயோ பாவம், பிள்ளை என்ன செய்வாளோ என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பார்த்தால் எல்லாரும் படபடவென்று கைதட்டுகிறார்கள்! அவளும் சிரிக்கிறாள். இறங்கி வந்தவளிடம் கேட்டேன், "இன்னாம்மா ஆச்சு?" "தப்பாயிடுச்சு அங்கிள்." "அதுக்கா கைதட்டுறாங்க?" "ஆமா, இங்க அதான் பழக்கம். எல்லார் எதிர்லயும் எழுதறோம் இல்ல, தப்பு வரத்தான் செய்யும். தப்பு வந்தா கைதட்டணும்."

தினேஷ், அந்த ஒரு பேச்சில் நான் ஆடிப்போய்விட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தப்பு என்றால் கம்பத்திலிருந்து ஓர் ஆளை இறக்க வேண்டும். எங்களில் இரண்டு பேரை அப்படி இறக்கியிருக்கிறோம். தப்புக்குக் கைதட்டுவார்களா, இது என்ன விளையாட்டு, இவர்களுக்கெல்லாம் பயம் என்பதே கிடையாதா என்று கோபமும் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே என்னவோ ஒன்று, பொறாமை என்று சொல்லலாமா, அதுவும் வந்தது. அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் நீ மேடையேறினாய்.

நீ மற்றவர்கள் மாதிரி கலர் லைட் வைக்கவில்லை. மண்டபத்தின் இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை, வீட்டில் மாட்டுகிற பழைய மஞ்சள் குண்டு பல்பு. எங்கே தேடிப் பிடித்தாயோ. நீ அடிக்க ஆரம்பித்தாய். மெதுவாக ஒரு சத்தம், நாதஸ்வரத்துக்குச் சுருதி போடுகிற மாதிரி, அறுபடாமல் வந்தது. இடது பக்கத்து பல்பு மெல்ல ஏறியது. ஏறி, ஏறி, கண்ணைக் குத்துகிற அளவுக்கு எரிந்தது. அதே நேரம் வலது பக்கம் மங்கி, கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது. பிறகு வலது பக்கம் ஏறியது, இடது பக்கம் மங்கியது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது அழகாக இருந்திருக்கும். லைன்மேனுக்கு அப்படி இல்லை. நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் சாட்சாத் இதேதான் நடக்கும். ஒரு வீட்டில் கண் கூசும், பக்கத்து வீட்டில் மங்கும். அடுத்து டிவி புகையும், ஃப்ரிட்ஜ் புகையும், அதற்கடுத்து நெருப்பு. நான் யோசிக்கவே இல்லை. ஃபேனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், அது ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், லைனில் கோளாறு இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். அதுவரை ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த மடையன், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, எழுந்து ஓடி, மேசைகளைத் தள்ளிக்கொண்டு போய், மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

எல்லாம் போனது. பல்பு, திரை, ஸ்பீக்கர், ஃபேன் எல்லாம். அந்த இருட்டில் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாடா, நிறுத்திவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான், கொசு பாடுகிற மாதிரி, உள்ளேயிருந்து உன் சத்தம் கேட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்திருக்கிறது. நீ ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் வாயாலேயே அதைப் பாடவிட்டிருக்கிறாய். நாற்பது பேர் மூச்சு விடாமல் கேட்டார்கள். அது முடிந்ததும் கைதட்டினார்கள் பார், மண்டபமே அதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு எதுவும் இல்லை. என் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தான், நான் போய் நிறுத்திவிட்டேன்.

நீ செல்போன் வெளிச்சத்தில் படிக்குக் கீழே வந்தாய். கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்தாய். நீ திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கைய எடுப்பா, நான் போடுறேன்" என்றாய், அவ்வளவுதான். கூட்டம் நடத்துகிற பையன் ஓடி வந்து, "சூப்பரு தினேஷ்! அந்த இருட்டு உன் ப்ரோக்ராமுலயே இருந்துச்சா, இல்ல கரண்டு போச்சா?" என்று கேட்டான். நீ என்னைப் பார்க்காமல், "ப்ரோக்ராமுலதான் இருந்துச்சு" என்றாய். சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் உன் காது சிவக்கும். அன்றைக்கும் சிவந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தூக்கைத் திறந்து மல்லாட்டையை உரித்து உரித்து என் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே வந்தாய். மயிலம் நெருங்கும்போது, "டைமிங் நல்லா இருந்திச்சுப்பா" என்றாய். அது கிண்டலா, கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. அந்த இருட்டைப் பற்றி யாரோ பாண்டிக்காரர்களிடம் சொல்லி, அவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள் என்று அப்புறம் ரேவதி சொன்னாள். நான் கெடுத்தேனா, நல்லது செய்தேனா? இதுவும் தெரியவில்லை.

இப்போது மீதிப் பாதிக்கு வருகிறேன். நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழா. உனக்கு நினைவிருக்கும். ஜன்னலைச் சாத்தி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, என் டியூட்டி டார்ச்சை வைத்துக் கையாலேயே நிழல் காட்டினாய். மான், கொக்கு, நாய். நாய் வாயைத் திறந்து மூடியபோது பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். நான் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ கொக்கு காட்டிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. ஓமந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண். "லைன்மேன் அண்ணே, இங்க லைட்டு ஒரு மாதிரி எரியுதுண்ணே. எங்க வூட்ல கண்ண கூசுது, எதிர் வூட்ல மங்கிக்கினு கெடக்குது." கேட்டதுமே எனக்குத் தெரியும், நியூட்ரல் போய்விட்டது. "மெயின எறக்கிடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கண் திரையில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் வேறு முறைத்தார். "தோ வந்துடுறேம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு போனை அணைத்தேன். உன் நாய் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம். கைதட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு டிவி புகைந்து, அவள் ப்ளக்கைப் பிடுங்கப் போய், டிவிக்கு மேல் விரித்திருந்த நைலான் துணி பற்றி வலது கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கரண்டை நிறுத்தினேன். தெருவே என்னைப் பாராட்டியது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையில் நான்கு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இன்றைக்கும் பிரியவில்லை. பனை மட்டை விழுந்து கம்பி அறுந்தது, யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் பேஜாரு. திண்டிவனம் மார்க்கெட்டில் எப்போதாவது அவளைப் பார்ப்பேன். பையை இடது கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். "இன்னாண்ணே, எளச்சிட்டீங்க?" என்பாள். கூட இருக்கிறவர்களிடம், "அன்னிக்கு இவரு மட்டும் ஓடியாரலன்னா எங்க வூடே போயிருக்கும்" என்பாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அதற்குப் பிறகு உன்னுடைய எந்த விழாவுக்கும் நான் வரவில்லை. டியூட்டி, டியூட்டி என்றே சொன்னேன். பாதி நாள் டியூட்டியே கிடையாது, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வருவேன். உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்கேயோ யாருக்கோ என்னவோ ஆகிவிடும் என்று ஒரு பயம். படித்தவன் நீ, இது முட்டாள்தனம் என்பாய். ஆமாம், முட்டாள்தனம்தான். ஒன்பதாம் வகுப்பு வந்தபோது நீ என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாய். உன் அம்மாவிடம், "அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதும்மா" என்று நீ சொன்னதைச் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். உள்ளே வந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் சொல்லவில்லை. நீ காட்டியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாய். இத்தனை வருஷமும் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் திண்டிவனத்தில் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் இரண்டாவது மீட்டப் நடந்தது. உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எழுந்து ஓடாமல் இருக்க. "மெயின் இருக்கிற பக்கம் தலைய திருப்புனீங்க, அவ்ளோதான்" என்று வேறு மிரட்டினாள். அதே மஞ்சள் பல்பு, அதே சுருதி. இடது பக்கம் ஏறியது, வலது பக்கம் மங்கியது. இந்தத் தடவை ஃபேனைப் பார்த்தேன், சரியாக ஓடியது. பிறகு திரையைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீ ஒரு வரி அடித்தாய். ஏ, பி, பி, ஏ. பக்கத்தில் அடைப்புக்குள் எட்டு. கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எல்லாம் அணைந்தது. திரை கூட. சுருதியும் நின்றது. அப்புறம் அந்தக் கொசுப் பாட்டு, விழுப்புரத்தில் கேட்ட அதே சின்னச் சத்தம். உன் அம்மா என் சட்டையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "உங்க பேர போட்டுருக்கான்ங்க" என்றாள். "என் பேரு அது இல்லயே" என்றேன். "லூசு மனுசன்" என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருட்டில் தெரியவில்லை.

முடிந்த பிறகு ரேவதியிடம் மெல்லக் கேட்டேன், அந்த எட்டு என்னம்மா என்று. "எட்டு செகண்ட் அங்கிள். அன்னிக்கு இருட்டாவுறதுலேர்ந்து சவுண்டு வர்ற வரைக்கும் அவ்ளோதானாம். வீடியோவுல பாத்து எண்ணி வச்சிருக்காரு." ஏன் அப்பா என்று பேர் வைத்திருக்கிறான் என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கி, "அத நீங்க அவரத்தான் கேக்கணும்" என்றாள். உன்னைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்து, எழுந்து, மறுபடி படுத்து யோசித்தேன். ஒரு நேரம், நாலு பேர் முன்னால் என்னை வைத்துக் கேலி செய்கிறானோ என்று சுருக்கென்றது. இன்னொரு நேரம், என் தப்பை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறானே என்று எழுந்து உட்கார்ந்தேன். இப்போது எழுதும்போதும் இரண்டும் மாறி மாறித்தான் வருகிறது, உன் பல்பு மாதிரி.

ஒன்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். "மெயின எறக்கிடும்மா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. எட்டு விநாடி கூட ஆகவில்லை. இரண்டே விநாடி. அன்றைக்கு என்னிடம் அது இல்லை. உன் ப்ரோக்ராமில் இருக்கிற அப்பா ஒவ்வொரு தடவையும், ஒரு விநாடி பிசகாமல், நேரத்துக்கு வந்து அணைத்துவிடுகிறார். எந்த ஊர் மேடையில் நீ அதை அடித்தாலும் வருவார். நான் வராத உன் விழாக்களுக்கெல்லாம் சேர்த்து அவர் வருகிறாரோ என்னவோ. நீ அப்படி நினைத்து வைத்தாயா, வேறு எதற்கோ வைத்தாயா, எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், நீ விளக்கம் சொல்ல வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில்: போ. வேலை போனால் போகட்டும், கை சும்மா இருக்கிற பிள்ளை இல்லை நீ. ப்ரோக்ராம் எனக்குப் புரியவில்லை என்பதற்காக உன்னை நிறுத்திவைக்கிற உரிமை எனக்கு இல்லை, ஒரு தடவை நிறுத்தியதே போதும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே மெயின் எங்கே என்று பார்த்துக்கொள். ஈரக் கையோடு ஒயரைத் தொடாதே. பல்பு ஒரு பக்கம் கூசி ஒரு பக்கம் மங்கினால், அது நீ எழுதினதுதானா என்று ஃபேனைப் பார். உன் முதல் நாடகம் எந்த ஊரில் என்று சொல், நான் வருகிறேன். உன் அம்மா சட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை நீ அவர்களிடம் சொன்ன பிறகு, நானும் ஒரு இடத்துக்குப் போகிறேன். ஓமந்தூர் பஸ்ஸில் ஏறி, செல்வி வீட்டுக்கு. அவள் சந்தோஷமாக, "வாங்கண்ணே" என்று சொல்லி, டீ போட உள்ளே ஓடுவாள். டம்ளரை இடது கையில்தான் கொண்டுவருவாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிஷம் நான் எங்கே இருந்தேன், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லப்போகிறேன். உங்கள் மீட்டப்பில் தப்புக்குக் கைதட்டுகிறீர்கள். அங்கே கைதட்ட மாட்டார்கள். தெரிந்துதான் போகிறேன்.

அப்பா